புது டிஸ்க் என்று பில். சக்கரத்தில் இருந்தது பழையது

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் முன் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் வட்ட இரும்பு, பிரேக் இதைப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்தும்) மாற்ற வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிறேன். சிமெண்டும் மணலும் சேர்ந்த கல், நாலு அடுக்கு வைத்தாலே வண்டி அமர்ந்துவிடும். மழைக்காலத்தில் கண்மாய்க் கரைச் சேற்றைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் பிக்கப் வாங்கினேன்.

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியதும் பத்து வருடப் பழக்கமுள்ள ஒரு பணிமனையில் விட்டேன். "அண்ணே, ரெண்டு டிஸ்க்கும் தேய்ந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்றார் உரிமையாளர். "ஃபோர் வீல் வண்டி, ஹப்பைக் கழற்றி பேரிங்குக்குக் கிரீஸும் மாற்ற வேண்டும்" என்று கூலி தனி. ஹப் என்பது சக்கரம் மாட்டும் நடுப்பகுதி, அது சுழல உதவுவது பேரிங். மொத்தம் 16,400 ரூபாய். பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரன் எடுத்துப் போய்விட்டானாம். நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து கொடைக்கானலில் சரக்கை இறக்கிவிட்டு வத்தலக்குண்டு பாதையில் இறங்கினேன். பக்கத்தில் அக்கா மகன். பெருமாள்மலை தாண்டிய சில வளைவுகளில் பெடல் காலுக்குக் கீழே துடித்தது. பிறகு கருகல் வாடை. அடுத்த வளைவில் பெடல் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டாம் கியரில் இன்ஜினாலேயே வேகத்தைப் பிடித்து, அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை நடுங்கியது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்துவிட்டேன். சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணிவிடும், வெடிப்பும் விடும். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு இறங்கினோம்.

மறுநாள் தேவகோட்டையில் வேறொரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கின் முகம் வெள்ளி போல் மின்னியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. டிஸ்க்கின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே காற்றுப் போகும் இடுக்கில் டார்ச் அடித்து, விரலை விடச் சொன்னார். செதில் செதிலாகப் பழைய துரு. விரல் செம்மண்ணில் தோய்ந்தது போல் வந்தது. வெளி விளிம்பில் அடித்திருந்த சாம்பல் பெயிண்டை நகத்தால் சுரண்டினால் அதற்கடியிலும் துரு. என்னுடைய பழைய டிஸ்க்கையே லேத்தில் மேற்பரப்பைக் கடைந்து, பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையதில் 26 மில்லிமீட்டர். கனம் அளக்கும் வெர்னியர் கருவி காட்டியது 25.2. கனம் குறைந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. மலை இறக்கத்தில் அந்தச் சூடு பிரேக் ஆயில் வரை ஏறினால் ஆயில் கொதித்து, பெடல் வெறுமனே இறங்கும். எனக்கு நடந்தது அதுதான். ஹப் முகத்துத் துருவைத் தேய்க்காமல் மாட்டியதால் டிஸ்க் சாய்ந்து சுற்றியிருக்கிறது. துடிப்பு அதனால் வந்தது.

கிரீஸ் கதையும் பொய். சில ஃபோர் வீல் வண்டிகளில் டிஸ்க் ஹப்போடு பிணைந்திருக்கும், அவற்றில் ஹப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். என் வண்டியில் டிஸ்க், சக்கரம் மாட்டும் ஸ்டட்டுகளில் சொருகி நிற்பது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் எடுத்தால் கையோடு வந்துவிடும். பேரிங் மூடிய யூனிட், கிரீஸ் வைக்க வழியே கிடையாது. இல்லாத வேலைக்குக் கூலி வாங்கியிருக்கிறார்கள். பணத்தைக்கூட விட்டுவிடலாம், மலையில் அந்தப் பையனை உட்கார வைத்து ஓட்டியதை என்னால் விட முடியவில்லை.

தேவகோட்டைக்காரர் என் கண்ணெதிரே புது டிஸ்க் பெட்டியைப் பிரித்தார். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயைக் கிளீனரால் துடைத்தார். கேலிப்பரை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தார். கேலிப்பர் நகர உதவும், வறண்டு கிடந்த ஸ்லைடு பின்களுக்குக் கிரீஸ் வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கினார். நான் கேட்கும் முன்பே பழைய டிஸ்க் இரண்டையும் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

நீங்கள் வண்டியை விடும்போதே பழைய டிஸ்க் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். புதுப் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பில்லில் பாகத்தின் எண் இருக்கட்டும்.

பழைய பணிமனைக்குச் சாக்கோடு போனேன். "லேத்தில் கடைந்தாலும் புதிது மாதிரிதானே அண்ணே" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பில்லும் டிஸ்க்கும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.