கல்லடிப் பாலத்தடியில் மீன் பாட்டுக் கேட்கத் தோணிச் சவாரி

பிறந்து வளர்ந்தது மட்டக்களப்பில்தான் என்றாலும், இங்கே வாவிக்குள் (நாங்கள் ஆறு என்போம்) நிலவு இரவில் மீன் பாடும் என்பார்களே, அதை இந்த ஆனி மாதப் போயா (பௌர்ணமி) இரவுவரைக்கும் நான் கேட்டதில்லை. யாரை விசாரித்தாலும் அம்மப்பா கேட்டார், மாமா கேட்டார் என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் ஒரு எஞ்சின் போட்டில் போய்க் காசைக் கரைத்தோம். நாலு பேருக்கு இரண்டே லைஃப் ஜாக்கட், எஞ்சினை நிறுத்தச் சொன்னால் நேரம் போகுது என்று முகம் சுளிப்பு, நிறுத்தின பிறகும் காதுக்குள் இரைச்சல்தான்.

இந்த முறை பாலத்துக்குக் கிட்ட வலை வீசுகிற ஒரு ஐயாவின் தோணி. ஒன்றரை மணித்தியாலத்துக்கு 2,500 ரூபாய், மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார். எட்டு மணிக்கு வரவா என்றதற்கு, "பாலத்தில வாகனம் அடங்கட்டும் மனே, பத்தரைக்கு வாங்க" என்றார். அதுதான் விஷயமே, ஏனென்றால் 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஒரு லொறி போனாலும் அந்த அதிர்வு தண்ணீருக்குள் வருகிறது.

துடுப்பைச் செங்குத்தாக இறக்கி மேல்நுனியில் காதை ஒட்டி வைக்கச் சொன்னார். மரம் ஈரமாய்ச் சில்லென்றிருந்தது. முதல் ஐந்து நிமிடம் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம், பித்தளைக் குடத்தைத் தட்டினால் சத்தம் அடங்கும்போது ஒரு ரீங்காரம் நிற்குமே, அதுபோல ஒன்று, அதற்குக் கீழே தடித்த குரலில் இன்னொன்று, விட்டுவிட்டு வந்தது. தோணியை முப்பது அடி நகர்த்தினால் ஒன்றுமில்லை, பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடியும். தங்கச்சி அழுதேவிட்டாள்.

மீனா என்று கேட்டால் ஐயா "ஊரிதான் பாடுது" என்கிறார், ஊரி என்றால் தண்ணீருக்கடியில் இருக்கிற ஒரு சிப்பி, நத்தை வகை. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே வந்து கேட்டபோதும் மீன்பிடிகாரர் ஊரி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

குறை என்றால், ஏறி இறங்க ஒழுங்கான துறை இல்லை, முழங்கால்வரை சேறு, வயதானவர்களைக் கூட்டிப்போவது கஷ்டம். மாரியில் போகவே வேண்டாம், ஆறு கலங்கிவிடும். சித்திரையிலிருந்து புரட்டாதிவரை நிலவு இரவுகள்தான் சரி.

விடியக்காலை அவர் வலையில் பட்ட மணலை மீனையும் ஒரு கிலோ வாங்கினோம், செவுள் சிவக்கச் சிவக்க, பைக்குள்ளும் துள்ளிக்கொண்டு. பொரித்துவிடாதீர்கள், ஆற்று மணலைக்குப் பால் சொதிதான்.