ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸில் எபிரேயப் பெயர் தேடுவது: எவ்வளவு தேறும்?

இஸ்ரேலில் ஆண், பெண் இரு பாலருக்கும் வைக்கும் பெயர் நோஅம். 'நோம் சாம்ஸ்கி' என்று தமிழில் எழுதி எழுதி ஓரசைப் பெயராக்கிவிட்டோம். உண்மையில் நோ-அம் என்று இரண்டு அசை, அழுத்தம் முதல் அசையில். இதற்குப் பொருள் தேடினால் 'அழகு' என்றும் வரும், 'இனிமை' என்றும் வரும். எது சரி என்று பார்க்கப் பலரும் முதலில் திறப்பது ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட கன்கார்டன்ஸ். காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளின் சொற்களுக்கான அட்டவணை அது. பின்னிணைப்பில் 8,674 எபிரேய, அரமேயச் சொற்களுக்கு எண் போட்ட அகராதி இருக்கிறது. பெயர் தேடுபவருக்கு வேண்டியது அந்தப் பின்னிணைப்புதான். வேர் கண்டுபிடிக்க அருமையான கருவி. பொருள் சொல்லச் சுமாரான கருவி. இன்றைய பெயர் வழக்கு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நோஅமின் எண் 5278. பதிவு இரண்டு மூன்று வரிதான். முதலில் '5276-இலிருந்து' என்று வேர்ச்சொல்லைக் காட்டும். அடுத்து ஸ்ட்ராங் தரும் விளக்கம்: ஒத்துப்போகும் இனிமை, அதாவது மகிழ்வு, பொருத்தம், பொலிவு, அருள். அதன் பிறகு முக்காற்புள்ளியும் ஒரு கோடும். கோட்டுக்குப் பின்னால் 'அழகு', 'இனிய', 'இனிமை' என்பதற்கான ஆங்கிலச் சொற்கள். சறுக்கல் நடப்பது இந்தக் கோட்டில்தான். கோட்டுக்குப் பின்னால் இருப்பது பொருள் அல்ல. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பெயர்த்தார்கள் என்ற பட்டியல். அதிலிருந்து ஒரு சொல்லைப் பொறுக்கி 'நோஅம் என்றால் அழகு' என்பது, தைத்த சட்டையைக் காட்டி இதுதான் துணி என்பதைப் போல.

தமிழ் வாசகருக்கு இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. நோஅம் எபிரேய வேதத்தில் ஏழே இடத்தில் வருகிறது: சங்கீதம் 27:4, 90:17, நீதிமொழிகள் 3:17, 15:26, 16:24, சகரியா 11:7, 11:10. பழைய தமிழ் மொழிபெயர்ப்பை அருகில் வைத்துப் பாருங்கள். சங்கீதம் 27-இல் 'மகிமை', 90-இல் 'பிரியம்', நீதிமொழிகளில் 'இனிதான வழிகள்', 'இனிய சொற்கள்'. சகரியாவில் அது மேய்ப்பன் கையிலுள்ள ஒரு கோலின் பெயர், அங்கே 'அநுக்கிரகம்'. ஏழு வசனத்துக்குள் இத்தனை சொல். எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது கண்ணுக்குத் தெரியும் அழகு இல்லை, மனசுக்கு இதமாக இருப்பது. 'இனிமை' என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை.

வேர் விஷயத்தில் ஸ்ட்ராங்குக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 5276-ஐத் தட்டினால் அதே வேரிலிருந்து கிளைத்த பெயர்கள் அடுத்தடுத்த எண்ணில் நிற்கின்றன. 5281 ரூத்தின் மாமியார், 5283 சீரியப் படைத்தலைவன். தமிழ் வேதாகமத்தில் நகோமி, நாகமான். நடுவில் அந்த 'க' எதற்கு என்று யோசித்தவர்களுக்கு விடை இந்த வேரில் இருக்கிறது: நூன், அயின், மேம் என்ற மூன்று எபிரேய எழுத்துகள். தொண்டையிலிருந்து எழும் அயின் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. இந்தப் பெயர்களில் அந்த இடத்தில் 'க' உட்கார்ந்திருக்கிறது. 'நகோமி என்று சொல்லாமல் மாராள் என்று சொல்லுங்கள்' என்று அவள் புலம்புவதும் இதே வேரை வைத்துத்தான்: இனிமை போய்க் கசப்பு. அரபியில் நயீம் என்ற பெயரும் இதே வேர்தான்.

இனி ஓட்டைகள். பக்கத்து எண் 5277, நஅம் என்ற ஒரு ஆணின் பெயர், 1 நாளாகமம் 4:15. உயிரொலியைக் காட்டும் புள்ளி, கோடுகளான உயிர்க்குறி போடாமல் எபிரேயத்தில் எழுதினால் இதுவும் நோஅமும் ஒரே மூன்றெழுத்து. 'பைபிளில் நோஅம் என்று ஒருவர் இருந்தார்' என்று யாராவது சொன்னால் இந்த நஅமைத்தான் பார்த்திருப்பார்கள். நோஅம் அங்கே ஆள் பெயராக வரவே இல்லை, சொல்லாக மட்டும்தான்.

ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் இன்னும் மோசமாக மாட்டிக்கொள்ளலாம். கிங் ஜேம்ஸில் பேழை கட்டியவரும் செலொப்பியாத்தின் மகளும் ஒரே எழுத்துக்கூட்டல். தமிழில் நோவா, நோவாள் என்று பிரித்துவிட்டதால் நமக்குக் குழப்பமில்லை. ஸ்ட்ராங்கில் 5146 ஓய்வு, 5270 அசைவு. நேரெதிரான பொருள், வேறு வேறு வேர். இரண்டையும் ஒன்றாக்கி 'இருபாலருக்கும் உரிய பெயர்' என்று எழுதினால் அது பெயரே அல்ல, எழுத்துப்பிழை.

'கல்' (Gal) என்ற எபிரேயப் பெயரைத் தேடுபவர்கள் கொஞ்சம் மனத்திடத்தோடு போகவும். இன்று அதன் பொருள் அலை. ஆனால் 1530-ஆம் எண்ணில் முதலில் வருவது 'உருட்டிச் சேர்த்தது, அதாவது கல் அல்லது சாணக் குவியல்'. அலை கடைசியில், அதுவும் பன்மைக்கு மட்டும். லியோர் என்ற பெயர் கிடைக்கவே கிடைக்காது. 'லி' என்றால் எனக்கு, 'ஓர்' என்றால் ஒளி; வேதத்தில் இல்லாத பிற்காலச் சேர்க்கை. 'ஓர்' மட்டும் 216-இல் அகப்படும். பாலினத்துக்கும் இதை நம்ப முடியாது. 'இஸ்ரவேலன்', 'இஸ்ரவேல் பெண்' என்று வேதத்தில் வந்தவர்களை மட்டுமே குறிக்கிறது. நோஅம் இலக்கணப்படி ஆண்பால் சொல். ஆனாலும் பெண்களுக்கு வைக்கிறார்கள், அது இதில் எங்கும் தெரியாது.

இலவசப் பதிப்புகளில் எண்ணுக்கு முன்னால் 'எச்' (H) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அச்சு நூலில் இல்லை. ஸ்ட்ராங்கின் வரிகளோடு 1906-இல் வந்த பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸ் அகராதியின் சுருக்கத்தையும் சில தளங்கள் ஒட்டவைக்கின்றன. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தலைப்பைப் பார்த்துப் படிக்க வேண்டும். பெயரைப் பதக்கத்திலோ மோதிரத்திலோ பொறிக்கப் போகிறவர்கள் இங்கிருந்து எழுத்தை நகலெடுக்க வேண்டாம். உயிர்க்குறி உதிர்ந்தால் நஅம் ஆகிவிடும். இன்றைய இஸ்ரேலில் எழுதுவதுபோல் நூனுக்கு அடுத்து வாவ் என்ற எழுத்தைச் சேர்த்து நான்கு எழுத்தாகக் கொடுங்கள்.