மரவள்ளி: ஆலைக்கா, சிப்ஸுக்கா, காட்டோடு விற்பதா?

சேலம் மாவட்டம் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளி போட்டவருக்கு விற்க மூன்று வழி உண்டு: ஜவ்வரிசி ஆலை, சிப்ஸ் வியாபாரி, பிடுங்காமல் வயலில் நிற்கும்போதே, அதாவது காட்டோடு, மொத்தமாக விலை பேசும் புரோக்கர். எந்த வழியில் போனாலும் அவசரம் ஒன்றுதான். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருத்துவிடும்.

ஆலையில் 'பாயிண்ட்' கணக்கு. கிழங்கில் எத்தனை சதவீதம் மாவோ அத்தனை பாயிண்ட். வெளியே ஒரு எடை, தண்ணீரில் அமிழ்த்தி ஒரு எடை; இரண்டையும் வைத்து மாவைக் கணிக்கலாம். நன்றாக விளைவித்தவருக்குக் கூடுதல் காசு என்பதால், என் கணக்கில் இதுதான் நியாயமான முறை. ஆனால் தராசு இருப்பது வாங்குகிறவரிடம். லோடு ஆலை வாசலுக்கு வந்தபின் பாயிண்ட் குறைவு என்றால், வண்டி வாடகையும் ஆள்கூலியும் கொடுத்தவர் திருப்பியா கொண்டுபோவார்? மழை பெய்து ஈரம் ஏறினால் மாவு இறங்குவதும் நிஜம்தான், அதனால் அடித்துப் பேசவும் முடியாது.

ஆலைக்காரர் நிலைமை வேறு. ஜவ்வரிசி சீக்கிரம் கெடாது. மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் விரதச் சாப்பாட்டுக்கு அதுதான் வேண்டும். நவராத்திரி வரை இருப்பு வைத்து விற்கலாம். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் டெண்டர் வைத்து விற்றுத் தருகிறது. அதில் உறுப்பினர்கள் ஆலைகள்தான். கிழங்கு போட்டவருக்கு அந்த வசதி இல்லை.

சிப்ஸுக்குப் பாயிண்ட் தொல்லை இல்லை, டன்னுக்கு இவ்வளவு என்று விலை. பெரும்பாலும் ஆலை விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் பொறுக்கித்தான் எடுப்பார்கள், ரகமும் பார்ப்பார்கள். கழித்துப் போட்டதை மறுபடி ஆலைக்குத்தான் ஏற்ற வேண்டும்.

புரோக்கரிடம் பிடுங்குகிற வேலை மிச்சம், விலை கண்ணளவு. ஆள் கிடைக்காதவர் போகட்டும். அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் பேரத்துக்கே இடமில்லை.

தண்ணீர் வசதி உள்ளவருக்கு நான் சொல்வது ஆலைதான், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை சில வாரம் பொறுக்கும். விவசாயிக்கு இருக்கும் ஒரே பிடி அது. முதலில் ஒரு லோடு மட்டும் அனுப்பி, எடை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பாயிண்ட் ஒத்துவரவில்லையா, அடுத்த ஆலையை விசாரியுங்கள். மாவுப்பூச்சி ஏறிய காடு என்றால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.