மாதிரிப் பெட்டி ஒன்று, மொத்தப் பெட்டி வேறு: .44 ஈயக்குண்டு வாங்கி ஏமாந்தேன்

டெக்சாஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ரிவால்வர் எடுத்துச் செல்லும் தமிழர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களில் பாதிப்பேர் என்னைப் போலவே குண்டும் மருந்தும் தனித்தனியாக வாங்கித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள். வார்த்த ஈயக்குண்டுகளைத் தபாலில் வரவழைக்கும் அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரிடம் நான் எந்த இடத்தில் ஏமாந்தேன், எந்த இடத்தில் விழித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என்னுடையது .44 மேக்னம் ரிவால்வர். அதன் சிலிண்டரில் உள்ள ஆறு அறைகளின் முன்வாயையும் அளந்து வைத்திருக்கிறேன், ஆறும் 0.431 அங்குலம். குண்டும் அதே அளவில் இருந்தால்தான் வாயை அடைத்துக்கொண்டு நேராகக் குழலுக்குள் நுழையும். சற்றே சிறுத்திருந்தால், பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் ஒழுகி, ஈயத்தை அரித்து, குழலின் சுருள்பள்ளங்களில் அப்பிவிடும். இதைத்தான் வேட்டைக்காரர்கள் ‘லீடிங்’ என்கிறார்கள். ஈயம் அப்பிய குழலிலிருந்து எந்தக் குண்டும் நேராகப் போகாது.

விற்பவரிடம் இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கமாகவே சொன்னேன். தட்டை மூக்குள்ள 250 கிரெயின் (சுமார் 16 கிராம்) குண்டு, அளவு 0.431, கடினம் பிரினெல் என்ற கடின அளவுகோலில் 15 என்று அவரும் ஒப்புக்கொண்டார். முதலில் நூறு குண்டுகளை மாதிரியாக அனுப்பினார். குறையே சொல்ல முடியாத குண்டுகள் அவை. 25 கஜத்தில் ஐந்து குண்டுகளும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுந்தன. குழலும் சுத்தமாக இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பி, ஆயிரம் குண்டுகளுக்கு 180 டாலர் அனுப்பினேன். கடன் அட்டை வேண்டாம், மணி ஆர்டர் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் தலையாட்டினேன். பதம் பார்த்த சோறு வேறு பானையிலிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பதினாறு கிலோவுக்கு மேல் எடையுள்ள சிறு பெட்டியைத் தபால்காரர் முனகிக்கொண்டே வாசலில் வைத்துவிட்டுப் போனார். மேலாக நாலைந்து குண்டுகளை எடுத்துப் பார்த்தேன், பளபளவென்று இருந்தன. அளக்கவில்லை. கருவி கைக்கெட்டும் மேசையில் கிடந்தும் அளக்காமல் விட்டது முழுக்க என் தவறு.

டெக்சாஸின் லானோ ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பன்றிகள் புல்வெளியை உழுதுபோடுவதாகச் சொல்லி என்னை அழைத்திருந்தார். (நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட டெக்சாஸில் 2019 செப்டம்பர் 1 முதல் உரிமம் தேவையில்லை.) அன்று காலை பயிற்சியாக 24 குண்டுகள் சுட்டேன். முதல் ஆறு குண்டுகள் ஒழுங்காக விழுந்தன. அதற்குப் பிறகு தாளில் ஓட்டைகள் விலகிக்கொண்டே போயின. கடைசி ஆறில் இரண்டு தாளையே தொடவில்லை. இரவெல்லாம் வண்டி ஓட்டிய களைப்பு என்று என் கையைத்தான் குறை சொன்னேனே தவிர, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மாலையில் 35 கஜத்தில் பக்கவாட்டாக நின்ற ஒரு பெண்பன்றியின் தோளுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டேன். குண்டு ஓரடி பின்தள்ளி வயிற்றில் பாய்ந்தது. முட்புதருக்குள் ஓடிய அதைக் கைவிளக்கோடு மூன்று மணி நேரம் தேடி, இரவு பத்து மணிக்கு மேல் கண்டுபிடித்து முடித்து வைத்தோம். பண்ணைக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

மறுநாள் வீட்டில் குழலைத் துடைத்தபோது, வெண்கலத் தூரிகையில் சுற்றிய செம்பு நாரோடு வெள்ளிச் சரிகைபோல ஈயச் சீவல்கள் உதிர்ந்தன. அப்போதுதான் நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை எடுத்தேன். ஐம்பது குண்டுகளை அளந்ததில் ஒன்றுகூட 0.431 இல்லை, எல்லாம் 0.4295க்கும் 0.430க்கும் இடையில். வேறுபாடு தலைமுடிப் பருமனில் பாதிகூடத் தேறாது என்றாலும் வாயு ஒழுக அது போதும். எடை போட்டால் 250க்குப் பதில் பெரும்பாலானவை 255 கிரெயின். நண்பர் ஒருவரின் கடினமானியில் வைத்துப் பார்த்தால் 15க்குப் பதில் 10.

சிறுத்த அளவு, கூடிய எடை, குறைந்த கடினம் என்று தனித்தனியாகத் தோன்றும் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தூய ஈயத்தின் கடினம் 5 அளவில்தான். ஆண்டிமனி என்ற உலோகமும் வெள்ளீயமும் கலந்துதான் அதை 15க்குக் கொண்டுவருகிறார்கள். இவை இரண்டும் ஈயத்தைவிட இலேசானவை. கலவையில் இவற்றைக் குறைத்தால் அதே அச்சில் வார்த்த குண்டு கனக்கும், மிருதுவாகும், ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். வார்த்த குண்டுகளை அளவு சரிசெய்ய ஒரு துளை வழியே தள்ளுவார்கள்; சுருங்கிய குண்டை 0.431 அளவுத் துளை வழியே தள்ளினால் அது எங்கும் உரசாமல் வெளியே வரும். மாதிரிக் குண்டுகளின் இடுப்பைச் சுற்றி அந்தத் துளை தேய்த்த மினுமினுப்பான பட்டை தெரிந்தது. மொத்தப் பெட்டிக் குண்டுகளில் அந்தப் பட்டையே இல்லை. பளபளப்பைப் பார்த்த நான் பட்டையைப் பார்த்திருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் சீனா அமெரிக்காவுக்கு ஆண்டிமனி ஏற்றுமதியை நிறுத்தியபோது அதன் விலை தாறுமாறாக ஏறியது உண்மை. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் குண்டின் விலையை ஏற்றியிருக்கலாம், நான் கொடுத்திருப்பேன். கலவையைக் குறைத்துவிட்டுப் பழைய எண்ணையே பெட்டியின்மேல் எழுதியதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

அளவுகளையும் படங்களையும் அனுப்பினேன். வார்ப்பு என்றால் முன்னே பின்னே இருக்கும் என்பது முதல் பதில். பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுத்தால் காற்பங்கு பிடித்தம், தபால் செலவும் உங்களுடையது என்பது இரண்டாவது. மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. மணி ஆர்டரில் கொடுத்த பணத்தை வங்கி மூலம் மீட்கவும் வழியில்லை.

ஆகவே, வாங்க நினைப்பவர்கள் அளவையும் கடினத்தையும் தொலைபேசியில் கேட்டதோடு நிற்காமல் எழுத்தில் வாங்குங்கள். மாதிரியும் மொத்தமும் ஒரே வார்ப்பிலிருந்து வருமா என்று கேளுங்கள்; மழுப்பினால் விலகிவிடுங்கள். ‘ஹார்ட் காஸ்ட்’ (கடினமாக வார்த்தது) என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் எதன்மேலும் ஒட்டலாம். பெட்டி வந்ததும் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் இருபது குண்டுகளை எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள். சாதாரண காலிப்பர் இந்த நுணுக்கத்துக்குப் போதாது. கருவி இல்லாவிட்டால் குண்டைச் சிலிண்டரின் முன்வாயில் விட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தினால் உரசிக்கொண்டு இறங்க வேண்டும். தானாக விழுந்தால் அந்தப் பெட்டியை மூடிவிடலாம். இந்தச் சோதனையைத் தோட்டா ஏதுமில்லாத வெறும் சிலிண்டரில் மட்டும் செய்யுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

என்னிடம் மீந்தவை 870 குண்டுகள். எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளாகக் குண்டு வார்க்கும் முதியவர் ஒருவர், ஆண்டிமனி மிகுந்த பழைய அச்சகக் கோப்பெழுத்து உலோகம் கொஞ்சம் சேர்த்து அவற்றை உருக்கி மறுபடி வார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய அச்சிலிருந்து குண்டு 0.432இல் விழுகிறது, துளையில் தள்ளினால் உரசி 0.431க்கு வரும். போன சனிக்கிழமை அதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.