ஆறு சக்கரத்தையும் பொறுமையாகப் பார்த்த டயர் கடை

எங்களுடையது 1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி. முன்சக்கர இழுவை, பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம். மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட்டாலே ஸ்டியரிங் நடுங்கும். வேறொரு கடையில் இரண்டு முறை பேலன்சிங் (சக்கரத்தின் கனம் சுற்றிலும் சமமாக இருக்க ரிம்மில் சிறு எடைகள் பொருத்துவது) செய்தும் தீரவில்லை.

ஓஹியோவில் லாரி டயர் பார்க்கும் இந்தக் கடைக்காரர், பழைய எடைகளையெல்லாம் பிடுங்கிவிட்டு ரிம்முக்குள் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார். ஒவ்வொரு சக்கரத்தையும் அதன் எட்டு போல்ட் துளைகளையும் பிடிக்கும் தட்டில் மாட்டி, பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றினார். முன் இடது சக்கரம் சமனாக 7 அவுன்ஸ் எடை கேட்டது. காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி உட்கார வைத்தார்; 2 அவுன்ஸில் அடங்கிவிட்டது! அப்புறம் ஒரு பின் டயரில் 3109 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினார்: 2009, 31ஆம் வாரத் தயாரிப்பு. அவ்வளவு பழைய டயர் என்பதால் உடனே மாற்றினோம்.

நான்கு மணி நேரம் பிடித்தது, பரவாயில்லை. திரும்பும்போது 65 மைலில் அலமாரித் தட்டுகள் கடகடக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் மனைவி தூங்கிவிட்டாள்.