கப்பலுக்குச் சென்னையின் பெயர், டர்பைனுக்கு எந்த ஊர்?

ஐ.என்.எஸ். சென்னை என்ற நாசகாரிக் கப்பல் 2016 நவம்பரில் கடற்படையில் சேர்ந்தது. பெயர் நம் ஊருடையது. கட்டியது மும்பை மசகான் தளம். அதைக் கடலில் ஓட வைப்பவை, உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்தில் உள்ள ஸோர்யா-மாஷ்புரோயெக்ட் ஆலையின் நான்கு கேஸ் டர்பைன்கள், அதாவது எரிபொருளை எரித்து வரும் சூடான வாயுவால் சுழலும் எஞ்சின்கள். கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பரில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கியிலும் நான்கு டர்பைன்கள்தாம். ஆனால் அவை அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்.எம்.2500. ஒரே கடற்படையில் இரண்டு குடும்பங்கள். எது மேல் என்று வடிவமைப்பாளரைக் கேட்டால் ஒரு பதில் வரும், உதிரிபாகத்துக்கு ஆர்டர் போடுபவரைக் கேட்டால் வேறொரு பதில் வரும். நான் பின்னவர் கட்சி.

எல்.எம்.2500 வானத்திலிருந்து கடலுக்கு இறங்கியது. பெரிய சரக்கு விமானத்துக்கும் பயணிகள் விமானத்துக்கும் செய்த ஜெட் எஞ்சினின் மையப் பகுதிதான் அதன் மூலம். 1969இல் ஒரு சரக்குக் கப்பலில் சோதித்தார்கள். 1975 முதல் அமெரிக்காவின் ஸ்ப்ரூயன்ஸ் வகைக் கப்பல்களில் வந்தது, இன்று ஆர்லீ பர்க் வகைக் கப்பல் ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கின்றன. மிக்கோலாயிவுக்கோ கப்பல்தான் முதல் வாடிக்கையாளர். 1962இல் சோவியத் கடற்படையில் சேர்ந்த 'கொம்சொமோலெட்ஸ் உக்ராயினி', முழுக்க கேஸ் டர்பைனில் ஓடிய உலகின் முதல் பெரிய போர்க்கப்பல். அதன் டர்பைன்கள் எழுப்பிய ஓசையால் அந்த வகைக் கப்பல்களுக்குப் 'பாடும் கப்பல்' என்று செல்லப்பெயர் விழுந்தது. அதே வழியில் வந்த ராஜ்புத் வகைக் கப்பல்கள் ஐந்தை 1980களில் இந்தியா வாங்கியது. அவையும் மிக்கோலாயிவில் கட்டியவையே. நம் மாலுமிகளுக்கு அந்த ஊர் டர்பைன் 40 ஆண்டுப் பழக்கம்.

25 மெகாவாட் வகையில் இரண்டு வீட்டுச் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செயல்திறன் 36, 37 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். விளம்பரத் தாளை வைத்து முடிவு செய்ய முடியாது. வித்தியாசம் இயந்திர அறைக்குள்தான் தெரியும்.

கப்பலைப் பின்னோக்கி எடுப்பதையே பாருங்கள். எல்.எம்.2500 ஒரே திசையில்தான் சுற்றும். அதனால் புரொப்பெல்லரின் இதழ்களைத் திருப்பும் ஏற்பாடோ, அதற்கு ஈடான வேறு வழியோ வேண்டும். தண்டுக்குள் எண்ணெய்க் குழாய், இதழ்கள் பொருந்தும் நடுக் குமிழுக்குள் நகரும் பாகங்கள் என்று வேலை கூடும். ஐ.என்.எஸ். சென்னையில் உள்ள மிக்கோலாயிவ் டர்பைனான டி.டி.59 அப்படியல்ல. அதன் கடைசிக் கட்ட டர்பைனே எதிர்த் திசையிலும் சுழலும். இதழ் திருப்பத் தேவையில்லாத சாதாரண புரொப்பெல்லரே போதும். சிக்கலை டர்பைனுக்குள் அடக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த தீர்வு இது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முன்னே போகும்போது, பின்னோக்கிச் சுழற்றுவதற்கான தகடுகள் சும்மா சுற்றிக் கொஞ்சம் ஆற்றலைத் தின்னும்.

பராமரிப்பில் அமெரிக்கக் கை ஓங்கியிருக்கிறது. உள்ளே வரும் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரெஸரின் தகடுகளில் உப்புக்காற்று படிந்தால் டர்பைன் மூச்சுத் திணறும். நன்னீரும் சோப்புக் கரைசலும் விட்டுக் கழுவுவது யார் செய்த டர்பைனானாலும் கப்பல்காரர்களுக்கு வாடிக்கை. அதற்கு மேல் தகடு சேதமானால், எல்.எம்.2500இன் கம்ப்ரெஸர் உறை நீளவாக்கில் இரண்டாகத் திறக்கும். அங்கேயே தகட்டை மாற்றலாம். பெரிய பழுது என்றால், காற்று உள்ளே வரும் புகுவழியில் தண்டவாளம் பொருத்தி, டர்பைனை அப்படியே மேலே இழுத்து வேறொன்றை இறக்குவார்கள். கப்பலின் உடலை அறுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் இவற்றைப் பொருத்திச் சோதிப்பது விமானம் கட்டும் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம்.

இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் எம்.டி.30 கிட்டத்தட்ட 40 மெகாவாட் தரும். குவீன் எலிசபெத் விமானந்தாங்கியில் இரண்டு உள்ளன. போயிங் 777இல் பறந்த ட்ரெண்ட் எஞ்சினின் தம்பி. நல்ல சரக்கு, ஆனால் நம் கப்பல்களில் இதுவரை இடம் பிடிக்காததால் இதோடு விடுகிறேன்.

இனி அரசியல். 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பின், மிக்கோலாயிவ் ரஷ்யாவுக்கு டர்பைன் அனுப்புவதை நிறுத்தியது. கலினின்கிராட் தளத்தில் நாசகாரியைவிடச் சிறிய ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல்கள் மூன்றின் உடல் இயந்திரமில்லாமல் நின்றது. அவற்றில் இரண்டை இந்தியா எடுத்துக்கொண்டு, டர்பைனை உக்ரைனிடம் தானே வாங்கி ரஷ்யத் தளத்துக்குக் கொடுத்தது. அப்படி உருவான ஐ.என்.எஸ். துஷில் 2024 டிசம்பரில் சேர்ந்தது. போர் நடந்துகொண்டிருக்க, இரு எதிரிகளின் கைவேலையும் ஒரே கப்பலில்! இதற்கு நேர்மாறாக, 1990களிலேயே 25 மெகாவாட் டர்பைனை வரைபடத்தோடு வாங்கிய சீனா அதைத் தன் மண்ணில் செய்யக் கற்றுக்கொண்டு நாசகாரிகளில் வைத்துவிட்டது. நாம் பொருளை வாங்கினோம், அவர்கள் தொழிலை வாங்கினார்கள்.

2022இல் மிக்கோலாயிவ் ஏவுகணை வீச்சுக்குள் வந்தது, ஆலையும் தப்பவில்லை. அதற்காக 'இனி எல்லாம் அமெரிக்கா' என்பவர்களோடு நான் சேரமாட்டேன். டில்லி வகையில் மூன்று, கொல்கத்தா வகையில் மூன்று, விசாகப்பட்டினம் வகையில் நான்கு என்று பத்து நாசகாரிகள். கப்பலுக்கு நான்கு வீதம் 40 டர்பைன்கள். கியர்பாக்ஸ், அடித்தளம், புகைபோக்கி எல்லாம் அவற்றின் அளவுக்கு அமைந்தவை. பிடுங்கி மாற்றுவது பாதிக் கப்பலைத் திரும்பக் கட்டுவதற்குச் சமம். புதிதாக வரையும் கப்பலுக்கு எல்.எம்.2500 என்றால் எனக்கு மறுப்பில்லை. பழைய 40க்கு இந்தியாவிலேயே பிரித்துப் பூட்டும் பட்டறை வேண்டும். ஸோர்யாவின் இந்திய நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கை 2024இல் பாரத் ஃபோர்ஜ் வாங்கியதை அதனால்தான் கவனித்து வருகிறேன். சோதனை மேடையில் முதல் டி.டி.59 எப்போது ஏறும் என்பதே என் கேள்வி.