நியூமன்ஸ் ஓன் சாலட் டிரெஸ்ஸிங்: பாட்டில்ல இருக்கற ஹீரோ

ஆயிலும் வினிகரும் கலந்த ஒரிஜினல் டிரெஸ்ஸிங்தான் வாங்கினேன், எண்ணெய் மேல தனியா மிதக்கும் அதனால நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க, வெள்ளரி தக்காளி வெங்காயத்துக்கு செம பொருத்தம், புளிப்பு நம்ம நாக்குக்கு ஓகே, காரம்தான் கிடையாது, நான் மிளகுத்தூள் போட்டுக்கிட்டேன்.

லேபிள்ல சிரிக்கறவர் பால் நியூமன், 1925-ல பொறந்த ஹாலிவுட் ஸ்டார். வீட்டுலயே கலக்கி பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு கிறிஸ்துமஸ் பரிசா குடுத்ததுதான் ஆரம்பம், 1982-ல நண்பர் ஹாட்ச்னரோட கம்பெனி ஆச்சு, லாபம் முழுக்க தர்மத்துக்கு. 1986 படத்துக்குத்தான் சிறந்த நடிகர் ஆஸ்கர் கெடைச்சது, அவ்ளோ லேட்டா!

ஆறு புள்ளைங்க அவருக்கு. ஒரே மகன் ஸ்காட் 1978-ல போதைனால இறந்துட்டான், 28 வயசு. அந்த அப்பா மகன் பேர்லயே போதை ஒழிப்பு மையம் ஆரம்பிச்சாரு, 1988-ல கனெக்டிகட்ல நோயாளிக் குழந்தைங்களுக்கு கேம்பும் கட்டினாரு. மக நெல் நியூமன் பின்னாடி நியூமன்ஸ் ஓன் பேர்லயே ஆர்கானிக் பொருளெல்லாம் கொண்டு வந்தாங்க.

சாலட்டே புடிக்காத என் பையன் இத ஊத்தினா தட்ட காலி பண்றான். அடுத்து பாஸ்தா சாஸ் டிரை பண்ணனும்.